குரலைக் காத்து வையுங்கள்



புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்துக் குடும்பம் ஒன்று, வயல்வெளியில் தாம் சமைப்பதைப் படம்பிடித்து 2018இல் யூடியூபில் வெளியிடத் தொடங்கியது. அந்த ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைப் பெற்றது. அரங்கமோ அலங்காரமோ அங்கில்லை.

நம் சிவகாசி வீடுகளிலும் தீப்பெட்டி ஒட்டிய காலத்தைச் சொல்லும் நன்னிமார் உளர். அவர்களைப் பதிவு செய்யுங்கள், கைப்பேசியே போதும். சன்னல் வெளிச்சம் முகத்தில் விழ அமர்த்துங்கள். சட்டையில் செருகும் சிறு மைக் இருந்தால் நலம். மின்விசிறியை மறவாமல் நிறுத்துங்கள். அச்சகங்கள் ஓயாத ஊரல்லவா, ஃபஜ்ருக்குப் பிந்திய அமைதியே உகந்தது.

என் தாயாரின் பேச்சை விசிறியடியில் பதிவு செய்தேன், இரைச்சலே மிஞ்சிற்று. மறுமுறை கேட்க இன்று அவர் இல்லை.

வெளியிடுமுன் நன்னியிடம் அனுமதி கேளுங்கள். மறுத்தால், வீட்டாருக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.