எரிச்சல் அடங்கினால் குணமாகிவிட்டதா?

நீரிழிவு நோயாளரின் நலத்தைச் சர்க்கரை அளவையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எண்ணையும் கொண்டே மதிப்பிடுவது வழக்கமாகிவிட்டதால், அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரை வாழ்நாளில் எப்போதேனும் தாக்கும் நரம்புச் சிதைவு தூக்கத்தையும் நடையையும் எவ்வளவு குலைக்கிறது என்பது மருத்துவக் குறிப்பேட்டில் பெரும்பாலும் ஏறுவதில்லை.

நெடுங்காலம் மிகுந்திருக்கும் சர்க்கரை, நரம்பிழைகளையும் அவற்றுக்குக் குருதி கொண்டுசெல்லும் நுண்குழல்களையும் சிதைக்கிறது. மிக நீளமான இழைகளே முதலில் நலிவதால், தொல்லை கால்விரல் நுனியில் தொடங்கி, காலுறை அணியும் பகுதி முழுவதும் மேலேறி, முழங்காலை நெருங்கும் கட்டத்தில் கைவிரல்களிலும் தலைகாட்டும். பகலில் வேலை மும்முரத்தில் மறந்திருந்த எரிச்சலும் ஊசி குத்தும் வலியும் இரவில் மிகுந்து, போர்வை உரசினாலே தாங்க முடியாத நிலை சிலருக்கு ஏற்படுகிறது. உறக்கம் கெட்டால் மனச்சோர்வு சேர்கிறது, மனச்சோர்வோ வலியைப் பெருக்குகிறது. பிரிகாபலின், டுலோக்செடின், அமிட்ரிப்டிலின் முதலிய மருந்துகள் வலியைத் தணிப்பனவேயன்றி நரம்பை மீட்பன அல்ல. வலி பாதியாகக் குறைவதே நல்ல பலனாகக் கொள்ளப்படுகிறது.

இதைவிடக் கவலைக்குரியது, மருந்தில் மாற்றம் ஏதுமின்றி எரிச்சல் தானே அடங்குவது. நோயாளரும் குடும்பத்தாரும் குணமாகிவிட்டதென்று மகிழும் அவ்வேளையில், வலியை உணர்த்தும் இழைகளே மடிந்துபோயிருக்கக்கூடும். செருப்பு நழுவியதை அறியாமல் நாலடி நடந்துவிடுவதும், கண்ணை மூடி முகம் கழுவுகையில் தள்ளாடுவதும், உச்சிவேளையில் கோயில் பிராகாரத்தைச் சுற்றிவந்தவர் உள்ளங்காலில் கொப்புளம் எழுந்திருப்பதைப் பிறர் சொல்லி அறிவதும் இந்த மரத்துப்போதலின் அடையாளங்கள். ஆறாப் புண்ணும் கால் அகற்றலும் பெரும்பாலும் இவ்வாறு உணரப்படாத காயத்திலிருந்தே தொடங்குகின்றன. பத்து கிராம் விசையில் வளையும் மோனோஃபிலமென்ட் என்னும் நைலான் இழையை உள்ளங்காலில் அழுத்தி, தொடுவது தெரிகிறதா என்று கேட்கும் சோதனைக்குச் சில நிமிடங்களே பிடிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய அதுவும் பல இடங்களில் விடுபட்டுப்போவதற்கு நேரமின்மையைக் காரணம் காட்டுவது ஏற்கத்தக்கதன்று.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் நரம்பு முழுதும் பிழைக்கும் என்று வாக்களிப்பதும் சரியன்று. சர்க்கரைக் கட்டுப்பாட்டின் பலனை ஆராய்ந்து 1993இல் வெளியான டிசிசிடி ஆய்வில், தீவிரக் கட்டுப்பாடு முதல்வகை நீரிழிவினரிடம் நரம்புச் சிதைவை ஏறத்தாழ 60 விழுக்காடு குறைத்தது. இரண்டாம் வகையினரிடம் அத்தகைய பலன் மிகக் குறைவே. ஆனால் மெட்ஃபார்மின் என்னும் நீரிழிவு மருந்தைப் பல்லாண்டு உட்கொள்வோருக்கு வைட்டமின் பி12 குறைந்து, அதுவும் இதே எரிச்சலையும் மரத்துப்போதலையும் உண்டாக்கக்கூடும் என்பதால், எல்லாவற்றையும் சர்க்கரையின் மேல் போடுமுன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அக்குறையை ஊசியாலோ மாத்திரையாலோ ஈடுசெய்ய முடியும்.