கச்சா எண்ணெயின் பூர்வீகம்

தார் பாலைவனத்தில் கிடைத்தது பெயருக்கு ஏற்ற சரக்குதான். 1991-ல் ராஜஸ்தானின் பாகேவாலாவில் ஆயில் இந்தியா நிறுவனம் துளையிட்டபோது வந்தது, தார் போலக் கெட்டியான கறுப்புக் குழம்பு. கந்தகம் 1 சதவீதத்துக்கும் மேல். அஸ்ஸாம், மும்பை ஹை எண்ணெய்களில் அது மிகக் குறைவு. மேலே இழுப்பதே பெரும்பாடு என்பதால் யாரும் இனிப்பு வழங்கவில்லை. ஆனால் அந்த எண்ணெயை ஆய்வுக்கூடத்தில் பகுத்துப் பார்த்தபோது கிடைத்த தகவல், எண்ணெயைவிட சுவாரசியமானது.

எண்ணெய் பிறந்த இடத்தில் தங்குவதில்லை. களிப்பாறையிலோ சுண்ணாம்புப் பாறையிலோ மக்கிக் கிடக்கும் பாசியும் பாக்டீரியாவும் பல ஆயிரம் அடி ஆழத்துக்குப் புதைந்து, பூமியின் வெப்பத்தில் வெந்து எண்ணெயாகின்றன. பிறகு அது மெல்ல மேலேறி ஏதாவது மணற்கல்லின் நுண்துளைகளில் குடியேறுகிறது. துளையிடுபவர் காண்பது இந்த வாடகை வீட்டைத்தான். சொந்த ஊர், அதாவது மூலப்பாறை, எங்கே என்று கண்டுபிடிப்பது புவிவேதியியலாளரின் வேலை. ஒரு கிணறு வறண்டுபோனால் கோடிக்கணக்கான ரூபாய் மண்ணுக்குள் போய்விடும் என்பதால், பூர்வீகம் தெரிந்தால் அடுத்த துளையை எங்கே போடுவது என்று ஓரளவு அனுமானிக்கலாம். தேவையான கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு இது சின்ன விஷயமல்ல.

இதற்கு வழி காட்டியவர் ஆல்ஃபிரட் டிரைப்ஸ் என்ற ஜெர்மன் வேதியியலாளர். பச்சையத்திலிருந்து வந்த மூலக்கூறுகள் கச்சா எண்ணெயில் இருப்பதை 1930-களில் அவர் காட்டினார். உயிர்கள் அழிந்தாலும் அவற்றின் சில மூலக்கூறுகளின் எலும்புக்கூடு அழிவதில்லை. கேஸ் குரோமட்டோகிராஃபில் எண்ணெயைப் பிரித்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எடை பார்த்தால் ஸ்டீரேன், ஹோப்பேன் என்று வரிசையாக வெளிவருகின்றன. முன்னது பாசி போன்ற உயிர்களின் மிச்சம், பின்னது பாக்டீரியாவினுடையது. அஸ்ஸாம் எண்ணெயில் ஓலியனேன் இருக்கும். அது பூக்கும் தாவரங்களின் முத்திரை. எனவே அதைப் பெற்ற பாறை, அத்தாவரங்கள் பெருகிய பிந்தைய காலத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம்.

பாகேவாலா எண்ணெயில் அந்தச் சாயலே இல்லை. அதன் கார்பன் ஐசோடோப்பு விகிதம் வழக்கத்துக்கு மாறாக லேசானது. பிரிஸ்டேன், ஃபைட்டேன் என்ற இரு மூலக்கூறுகளின் விகிதம் 1-க்கும் குறைவு. பிராணவாயு இல்லாத கடலடியில் பிறந்ததற்கு அது அடையாளம். கூடவே 24-ஐசோபுரோப்பைல் கொலஸ்டேன் என்ற வாயில் நுழையாத பெயருள்ள ஒரு ஸ்டீரேன். இது ஆதிகாலக் கடற்பஞ்சுகளின் தடயம் என்று 2009-ல் ஓமன் பாறைகளை ஆராய்ந்த ஒரு குழு வாதிட்டது. பாசியின் ஸ்டீரால் உருமாறினாலும் இது வரும் என்று பின்னர் வேறு சிலர் மறுத்தார்கள். பெற்றோர் யாரென்பதில்தான் சண்டை. மிகப் பழைய எண்ணெய்களில் இது மிகுதியாகக் காணப்படுவதில் அல்ல.

1995-ல் அமெரிக்கப் பெட்ரோலிய நிலவியலாளர் சங்கத்தின் ஆய்விதழில் வெளியான கட்டுரை, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முடிவுக்கு வந்தது. குடியிருப்பது ஜோத்பூர் மணற்கல்லில். பூர்வீகம் 50 கோடி ஆண்டுகளுக்கும் பழைய சுண்ணாம்புப் பாறை. பிலாரா என்ற அடுக்கின் மேல் சந்தேகம் விழுந்தது. டைனோசார்களுக்கு வெகு முன்பு, நிலத்தில் ஒரு புல்கூட இல்லாத காலம் அது.

இன்னொரு விசித்திரம், இந்த எண்ணெய்க்கு நெருங்கிய உறவினர் ஓமனின் ஹுக்ஃப் பாறைகளிலிருந்து வந்த எண்ணெய். இடையே அரபிக் கடல் இல்லாத காலத்தில் இரு பகுதிகளும் ஒரே பெருநிலத்தின் ஓரத்தில் இருந்தன. ராஜஸ்தானின் அடியிலும் பாகிஸ்தானின் உப்பு மலைத் தொடரிலும் ஓமனிலும் அக்காலத்தையொட்டிய தடித்த உப்புப் படிவங்கள் கிடைப்பதும் இதற்குப் பொருந்தி வருகிறது.

அதே ராஜஸ்தானில், 2004-ல் பார்மரில் கிடைத்த மங்களா வயல் எண்ணெயின் ஜாதகம் முற்றிலும் வேறு. அது ஏரிப் படிவில் பிறந்தது, வயதிலும் மிக இளையது, மெழுகு நிறைந்தது. ஆறினால் உறைந்துவிடும் என்பதால் சூடேற்றிய குழாயில் குஜராத் போகிறது. பாகேவாலாவைத் தேடியவர் பார்மரிலும், பார்மரைத் தேடியவர் பாகேவாலாவிலும் அதே பாறையை எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பார்கள்.

பூர்வீகம் தெரிந்தும் பாகேவாலா பல ஆண்டுகள் காத்திருந்தது. குழம்பை இளக்கக் கிணற்றுக்குள் நீராவியைச் செலுத்தி, சில நாள் ஊறவிட்டு, பிறகு இறைக்கும் முறையை ஆயில் இந்தியா கையாண்ட பிறகே அது ஓரளவு வெளியே வரத் தொடங்கியது.