எந்தப் பாறையில், எப்போது நிழல்?

2014 டிசம்பர் 27 அன்று டாமி கால்டுவெல், கெவின் ஜார்ஜ்சன் என்ற இரு அமெரிக்கர்கள் கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் எல் கேப்பிடான் மலையின் ஒரு முகத்தில் ஏறத் தொடங்கினார்கள். சுமார் 3,000 அடி உயரமுள்ள செங்குத்துக் கருங்கல். கடும் குளிர்காலம். அப்படியிருந்தும் மிகக் கடினமான பகுதிகளைப் பகலில் விட்டுவிட்டு, இருட்டிய பிறகு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு ஏறினார்கள். 'டான் வால்' எனப்படும் அந்தச் சுவர் தென்கிழக்கு பார்த்தது. விடிந்ததும் வெயில் அதில் இறங்கிவிடும். ஜனவரியிலும் அந்த வெயில் கல்லைச் சுட வைக்கப் போதுமானது. பத்தொன்பதாம் நாள், 2015 ஜனவரி 14 அன்று, இருவரும் உச்சியை அடைந்தார்கள்.

குளிரைத் தேடிப் போனதற்குக் காரணம் விரல் நுனி. நகக்கண் அகலமே உள்ள விளிம்பில் உடல் எடையைத் தொங்கவிடும்போது, தோலுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள உராய்வுதான் ஆளைத் தாங்குகிறது. கல் சூடானால் விரல் வியர்க்கும், வியர்த்தால் வழுக்கும். ஏறுபவர்கள் இடுப்புப் பையில் வைத்திருக்கும் வெள்ளைப் பொடி, மக்னீசியம் கார்பனேட், வியர்வையை ஓரளவுக்கு உறிஞ்சும். அதற்கு மேல் உதவாது. காலணியின் ரப்பரும் சூட்டில் இளகி, சின்ன விளிம்பில் நிற்காமல் உருளும். அதனால் ஒரே தடம் காலை ஏழு மணிக்கு ஏறக்கூடியதாகவும் பதினொரு மணிக்கு ஏற முடியாததாகவும் இருக்கிறது. ஏறப் போகிறவர்கள், 'எவ்வளவு கடினம்?' என்று கேட்ட கையோடு 'வெயில் எப்போது வரும்?' என்றும் கேட்பது இதனால்தான்.

அதே எல் கேப்பிடானில் 2017 ஜூன் 3 அன்று அலெக்ஸ் ஹானல்ட் கயிறே இல்லாமல் ஏறியதைப் பலரும் படமாகப் பார்த்திருப்பார்கள். அவர் எடுத்த தடம் மலையின் தென்மேற்கு முகத்தில் இருக்கிறது. தொடங்கியது காலை 5.32 மணிக்கு, ஏறி முடிக்க ஆனது 3 மணி 56 நிமிடம். ஜூன் மாதத்தில் தென்மேற்கு முகத்துக்கு நேர்வெயில் வர நண்பகலை நெருங்க வேண்டும். சுவரின் பெரும்பகுதி நிழலில் இருக்கும்போதே வேலையை முடித்துவிட்டார். தைரியத்தைப் பற்றி எழுதியவர்கள் அதிகம். இந்தக் கணக்கும் அதே அளவு கவனத்துக்கு உரியது என்பேன்.

அடிப்படை எளிது. பாறைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்களுக்கு முன்னால் இடக்கையிலிருந்து வலக்கை வரை விரியும் பாதி வானத்தில் சூரியன் இருந்தால் அந்தப் பாறையில் வெயில். முதுகுக்குப் பின்னால் போய்விட்டால் நிழல். கிழக்கு பார்த்த செங்குத்துப் பாறையில் உதயம் முதல் உச்சிவேளை வரை வெயில். மேற்கு பார்த்ததில் உச்சிவேளை முதல் அந்தி வரை. இந்த இரண்டும் எந்த ஊரிலும் எந்த மாதத்திலும் மாறாது. சிக்கல் தெற்கிலும் வடக்கிலும் இருக்கிறது.

'தெற்கு முகம் வெயில், வடக்கு முகம் நிழல்' என்பது ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டி நூல்களின் பாலபாடம். அங்கேயே அது முழு உண்மை இல்லை. யோசெமிட்டியில் ஜூன் 21 அன்று பகல் 14 மணி நேரத்துக்கும் மேல். ஆனால் நேர் தெற்கு பார்த்த செங்குத்துச் சுவரில் அன்று வெயில் படுவது சுமார் ஏழரை மணி நேரம்தான். கோடையில் சூரியன் வடகிழக்கில் உதித்து வடமேற்கில் மறைவதால், காலையிலும் மாலையிலும் அது சுவருக்குப் பின்னால் இருக்கிறது. டிசம்பர் 21 அன்று பகலே ஒன்பதரை மணி நேரம்தான். சுற்றியுள்ள மலைகள் மறைக்காத வரை அத்தனை நேரமும் தெற்குச் சுவரில் வெயில். ஆக, பகல் நீளும் கோடையைவிடக் குளிர்காலத்தில்தான் தெற்குச் சுவருக்கு வெயில் நேரம் அதிகம்.

நம் பக்கம் வந்தால் கணக்கு இன்னும் மாறுகிறது. கர்நாடகத்தின் பாதாமி, அதாவது முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் வென்ற வாதாபி, இன்று இந்தியாவில் கயிறு கட்டி ஏறுவோருக்குப் பேர்போன இடம். செம்மணற்கல் குன்றுகள், நடுவே அகத்திய தீர்த்தம். நிலநடுக்கோட்டுக்கு 16 பாகை வடக்கே, வெப்பமண்டலத்துக்குள் இருக்கும் ஊர். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் குச்சி நட்டு நிழலில்லா நாள் பார்க்கிறார்களே, அது பாதாமிக்கு மே முதல் வாரத்திலும் ஆகஸ்ட் இரண்டாம் வாரத்திலும் வருகிறது. இடைப்பட்ட மூன்று மாதமும் உச்சிவேளைச் சூரியன் வடக்கே நிற்கிறது. ஜூன் 21 அன்று பாதாமியின் நேர் தெற்குச் செங்குத்துச் சுவரில் விடியல் முதல் அந்தி வரை நேர்வெயிலே படாது. நூல்கள் சொல்வதற்கு நேர் எதிர்!

ஆனால் ஏறும் பருவம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. அந்த மாதங்களில் சூரியன் பகல் முழுக்கத் தெற்கு வானிலேயே போகிறது. வடக்கு முகம் நாள் முழுக்க நிழல், தெற்கு முகம் நாள் முழுக்க வெயில். இறக்குமதி செய்த விதி கச்சிதமாகப் பலிக்கிறது. ஏமாற்றம் தொடங்குவது மார்ச் 20க்குப் பிறகு. அன்றிலிருந்து உதயமும் அந்தியும் வடக்கே நகர்வதால் வடக்கு முகத்தில் முதலில் காலை வெயிலும் மாலை வெயிலும் எட்டிப் பார்க்கும். மே மாதம் ஆனால் உச்சி வெயிலும் சேர்ந்துகொள்ளும். ஜனவரியில் குளுகுளுவென்று இருந்ததே என்று ஏப்ரல் காலையில் அதே சுவருக்குப் போகிறவர் அங்கே வெயிலைச் சந்திப்பார்.

ஆகவே தென்னிந்தியாவில் நிழல் தேடுகிறவருக்கு என் பரிந்துரை: முதலில் கிழக்கு மேற்கைப் பாருங்கள். காலையில் மேற்கு முகம், பிற்பகலில் கிழக்கு முகம். இரண்டில் மேற்கு முகத்துக் காலையே மேல். இரவு முழுக்க ஆறிய கல் அது. கிழக்கு முகமோ மதியம் வரை வெயில் குடித்துவிட்டு, நிழல் வந்த பிறகும் வெகுநேரம் சூட்டைக் கக்கும். காற்றும் அப்போதுதான் அதிகம் சுடும். எப்போது மாறும் என்பதைக் கடிகாரத்தின் பன்னிரண்டு மணியை வைத்து முடிவு செய்யக்கூடாது. நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது, பாதாமி அதற்கு மேற்கே இருக்கிறது. அங்கே உண்மையான உச்சிவேளை நவம்பர் தொடக்கத்தில் சுமார் 12.11க்கும் பிப்ரவரி நடுவில் சுமார் 12.41க்கும் வரும்.

அடுத்தது சாய்வு. வெளியே கவிந்த பாறை தனக்குத் தானே கூரை. யோசெமிட்டியில் ஜூன் உச்சிவேளைச் சூரியன் 76 பாகை உயரத்தில் நிற்பதால் செங்குத்திலிருந்து 15 பாகை வெளியே சாய்ந்த தெற்குச் சுவர் அந்நேரம் நிழலில் இருக்கும். பாதாமியின் டிசம்பர் உச்சிச் சூரியனின் உயரம் 51 பாகைதான். அந்தச் சாய்வு அங்கே போதாது, 40 பாகையாவது வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: நம் ஊர்களில் கவிந்த நிழலான பாறையடியை மலைத்தேனீக்களும் விரும்பும். கூடு தெரிந்தால் வேறு தடம் பாருங்கள், பேச்சே வேண்டாம்.

ஹம்பியில் இத்தனை கணக்கு தேவையில்லை. அங்கே கயிறில்லாமல் ஏறும் உருண்டைக் கருங்கற்கள்தான் அதிகம். ஒரு கல்லுக்கு நான்கு பக்கமும் உண்டு, சுற்றி நடந்தால் ஏதாவது ஒன்றில் நிழல் கிடைக்கும்.

நிழல் எப்போதும் நல்லது என்றும் எண்ண வேண்டாம். மழைக்குப் பிறகு நிழல் முகம் கடைசியில்தான் உலரும். ஈர மணற்கல் வலு இழந்து, பிடித்த பிடி கையோடு பெயர்ந்து வரலாம். அப்போது வெயில் முகமே பாதுகாப்பு. ஆல்ப்ஸில் ஐகர் மலையின் வடக்கு முகத்தில் ஆபத்து வேறு வகை: பிற்பகல் வெயில் மேல்பகுதியைத் தொட்டதும், கற்களைப் பிடித்துவைத்திருக்கும் உறைபனி இளகிக் கற்கள் விழத் தொடங்கும். அங்கே வெயில் வருவதற்குள் கடந்துவிட வேண்டிய இடங்கள் உண்டு.

இவற்றை வீட்டிலிருந்தே பார்க்க வழிகள் இருக்கின்றன. சன்கால்க் தளத்தில் இடமும் தேதியும் கொடுத்தால் சூரியனின் பாதை வரைபடத்தில் வரும். கூகுள் எர்த்தில் நேரத்தை நகர்த்தி மலையின் நிழல் நகர்வதைப் பார்க்கலாம். ஆனால் பக்கத்துப் பாறை, மரம், பாறை மடிப்பு இவையெல்லாம் அதில் சரியாகத் தெரியாது. பாறையடியில் நின்று திசைகாட்டியால் முகத்தின் பாகையைக் குறித்துக்கொள்வதே நம்பகமானது. தென்னிந்தியாவில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கலிபோர்னியாவில் பத்துப் பாகைக்கு மேல் வித்தியாசம். கைபேசித் திசைகாட்டியைப் பயன்படுத்துகிறவர்கள் இடுப்பில் தொங்கும் இரும்புச் சாமான்களைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்கவும்.

நம் பாறைகளுக்குத் தடப்பட்டியல் தயாரிக்கும் குழுக்களிடம் ஒரு வேண்டுகோள். 'காலை நிழல்', 'மாலை வெயில்' என்று மட்டும் எழுதி விடாதீர்கள். ஒவ்வொரு சுவருக்கும் அது பார்க்கும் திசையைப் பாகையிலும், சாய்வையும், அந்தக் குறிப்பை எடுத்த மாதத்தையும் சேர்த்து அச்சிடுங்கள். மீதியை ஏறுகிறவர் கணக்கிட்டுக்கொள்வார்.