பேட்டரியைத் துண்டித்த பின்னும் ஓடும் இன்ஜின்

நிறுத்தி வைத்த காரில் கடிகாரமும் பூட்டுக் கட்டுப்பாடும் ஓயாமல் உறிஞ்சும் மின்னோட்டம் 50 மில்லியாம்பியரே ஆனாலும், இருபது நாளில் அது 24 ஆம்பியர்-மணி ஆகி, 40 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடும் என்ற கணக்கு சென்ற வாரமே முடிந்துவிட்டது. இந்த வாரம், அந்த இழப்பைத் தடுக்கப் பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்சைப் பொருத்தும் இடமும் கேபிளின் தடிமனும் விளக்கப்படும் என்று சொல்லப்பட்டிருந்தது. அவற்றுக்கு முன்னால் ஒரு கேள்வி குறுக்கே நிற்கிறது: ஓடிக்கொண்டிருக்கும் காரில் இந்த சுவிட்சைத் திருப்பினால் இன்ஜின் நிற்குமா?

பெரும்பாலும் நிற்காது. இன்ஜின் சுழலத் தொடங்கிய பின் காருக்கு மின்சாரம் தருவது பேட்டரி அன்று. பெல்ட்டால் சுழற்றப்பட்டு, மாறுதிசை மின்னோட்டத்தை உண்டாக்கி, அதைத் தன்னுள் இருக்கும் டையோடுகளால் நேர்திசையாக்கித் தரும் ஆல்டர்நேட்டரே அப்போது இக்னிஷனுக்கும் விளக்குகளுக்கும் உணவளிக்கிறது. எனவே பேட்டரியின் நேர்முனையைத் துண்டித்தாலும் எதிர்முனையைத் துண்டித்தாலும், ஆல்டர்நேட்டரின் உடல் இன்ஜின் வழியாக எர்த்துடன் இணைந்தே இருப்பதால், மின்சுற்று தடையின்றித் தொடர்கிறது. விபத்தில் சிக்கிய காரில் பெட்ரோல் ஒழுகும்போது தீப்பொறிக்கு இடம் தராமல் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும் என்று சுவிட்ச் பொருத்தியவருக்கு இது நல்ல செய்தி அன்று.

இன்ஜின் நிற்காதது ஒருபுறம் இருக்க, சுவிட்ச் திறக்கும் கணத்தில் நிகழ்வது அதைவிடத் தீயது. ஆல்டர்நேட்டரின் சுழலியில் உள்ள புலச்சுருள், அதாவது காந்தப்புலத்தை உண்டாக்கும் கம்பிச்சுருள், தன்னில் ஓடும் மின்னோட்டம் சட்டென மாறுவதற்கு இடம் தராத தூண்டல் பண்பு உடையது. இறங்கிப்போன பேட்டரிக்கு நாற்பது, ஐம்பது ஆம்பியர் சென்றுகொண்டிருக்கும்போது அந்தப் பேட்டரி திடீரென விலகிவிட்டால், ஆல்டர்நேட்டரின் மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் ஒழுங்கி புலச்சுருளுக்கான மின்னோட்டத்தை உடனே நிறுத்த முனைந்தாலும் காந்தப்புலம் தளர்வதற்கு ஒரு நொடியில் பத்தில் சில பங்கு நேரம் ஆகிறது. அதற்குள் உற்பத்தியான மின்சாரம் போக்கிடமின்றி மின்னழுத்தமாக எகிறுகிறது. கார் மின்னணுக் கருவிகளைச் சோதிப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 16750 தரநிலை, பாதுகாப்பு டையோடுகள் இல்லாத 12 வோல்ட் அமைப்பில் இந்த எகிறல் 79 முதல் 101 வோல்ட் வரை செல்லும் என்றும் 40 முதல் 400 மில்லிநொடி வரை நீடிக்கும் என்றும் வைத்துக்கொண்டு சோதிக்கச் சொல்கிறது. இன்றைய ஆல்டர்நேட்டர்கள் பலவற்றில் இதை 35 வோல்ட் அளவில் மடக்கும் சிறப்பு டையோடுகள் உள்ளன என்பது ஓரளவு ஆறுதல். ஆயினும், சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் பட்டறைகளில் இன்னும் முற்றாக மறையவில்லை. 1960ஆம் ஆண்டின் கிரைஸ்லர் வேலியன்ட் ஆல்டர்நேட்டருடன் வெளிவரும் வரை கார்களில் கோலோச்சிய டைனமோ காலத்துப் பழக்கம் அது. டைனமோவில் கருகுவதற்கு டையோடும் இல்லை, அக்காலக் காரில் கணினியும் இல்லை.

பந்தயக் கார்களை நெறிப்படுத்தும் எஃப்.ஐ.ஏ. அமைப்பு இச்சிக்கலை நேராகவே எதிர்கொண்டிருக்கிறது. அதன் விதிப்படி பொதுத் துண்டிப்பு சுவிட்ச் பேட்டரி, ஆல்டர்நேட்டர், விளக்கு, ஹாரன், இக்னிஷன் என எல்லாச் சுற்றுகளையும் துண்டிப்பதோடு இன்ஜினையும் நிறுத்த வேண்டும்; தீப்பொறி வெளிவராத வகையினதாக இருக்க வேண்டும்; காருக்கு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் எட்ட வேண்டும்; வெளிப்புறப் பிடி இருக்கும் இடத்தை வெள்ளை விளிம்பிட்ட நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் காட்ட வேண்டும். இதற்கென விற்கப்படும் சுவிட்சில் இரண்டுக்குப் பதில் ஆறு முனைகள் இருக்கின்றன. தடித்த இரண்டும் பேட்டரிக்கு உரியவை. சிறிய முனைகளில் ஓர் இணை இக்னிஷனை அறுத்து இன்ஜினை நிறுத்துகிறது; மற்ற இணையோ, சுவிட்ச் அணையும்போது திறக்காமல் மூடிக்கொண்டு, ஆல்டர்நேட்டரின் மீதி மின்சாரத்தை 3 ஓம் மின்தடை வழியாக எர்த்துக்கு வடிக்கிறது.

இந்த மின்தடையின் அளவீடு 11 வாட் மட்டுமே. 14 வோல்ட்டில் 3 ஓம் வழியே ஏறத்தாழ 4.7 ஆம்பியர் பாயும். அது 65 வாட் வெப்பம், அதாவது அந்தச் சிறு உருளை தாங்கக்கூடியதைப் போல ஆறு மடங்கு. அது கருகாமல் இருப்பதற்குக் காரணம், இக்னிஷன் அறுந்த இன்ஜின் ஓரிரு நொடிகளில் நின்றுவிடுவதும், வடிகாலின் வேலை அத்துடன் முடிந்துவிடுவதுமே. ஆறு முனை சுவிட்சை வாங்கி, சிறிய நான்கையும் வெறுமனே விட்டுவிட்டுப் பொருத்துவோர், விலை கொடுத்து வாங்கிய பாதுகாப்பைப் பெட்டியிலேயே வைத்துவிடுகின்றனர்.

கார் நாள்கணக்கில் நிற்கும்போது பேட்டரி இறங்காதிருந்தால் போதும் என்பவருக்கு இவ்வளவும் தேவையில்லை. எதிர்முனையில் பொருத்தும் எளிய இருமுனை சுவிட்சே தகும். இன்ஜின் நின்ற பின்னரே அதைத் தொடுவது என்ற ஒரு கட்டுப்பாடு மட்டும் தவறக்கூடாது. எதிர்முனை ஏன் என்றால், அது பாடியுடன் இணைந்த முனை. அதைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் மின்னோட்டம் பாயாது. நேர்முனையை முதலில் கழற்றினால் அதே ஸ்பேனர் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும் குறுக்குச்சுற்றாக மாறும். ஆனால் மாரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களில் பாடியுடன் இணைக்கப்பட்டிருந்தது நேர்முனை. அவற்றை இன்றும் வைத்திருப்போர் இவ்விதியைத் தலைகீழாகக் கொள்ள வேண்டும்.

சுவிட்சின் இடம், கேபிளின் தடிமன் இரண்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகின்றன. ஸ்டார்ட்டர் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கும்போது சுவிட்சின் தொடுமுனையில் ஒரு மில்லிஓம் தடை இருந்தாலே 0.2 வோல்ட் இழப்பும் 40 வாட் வெப்பமும் உண்டாகும் என்பதிலிருந்து அக்கணக்கு தொடங்கும். கடிகாரத்தையும் ரேடியோவையும் மட்டும் உயிரோடு வைக்க சுவிட்சின் குறுக்கே சிறு ஃபியூஸ் ஒன்றை இணைப்பதும், காரைக் கிளப்ப முனையும் திருடனுக்கு அந்த ஃபியூஸ் எரிந்து தடையாவதும் அதனுடன் சேரும்.