தொட்டிக்குள் கொதிக்கும் வேர்

மே மாதம், கத்திரி வெயில். மொட்டை மாடித் தொட்டியில் நிற்கும் குண்டுமல்லி உச்சி வேளையில் துவண்டுபோனால் நம் கை தானாகவே தண்ணீர்ப் பக்கம் போகிறது. காலையில் ஊற்றிய ஈரம் மண்ணில் அப்படியே இருந்தாலும் இன்னொரு குடம் ஊற்றிவிடுகிறோம். ஆனால் மல்லிகை வெயிலுக்குப் பயந்த செடியே அல்ல. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, பங்குனியிலிருந்து ஆனி வரை, நிழலற்ற தோட்டங்களில்தான் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. அதே வெயில், அதே செடி. தோட்டத்தில் செழிப்பது மாடியில் தவிக்கிறது என்றால், வித்தியாசத்தை இலையில் தேடிப் பயனில்லை. மண்ணுக்குள் பார்க்க வேண்டும்.

தரையில் வளரும் செடியைச் சுற்றிப் பூமியே போர்வையாக இருக்கிறது. மேல்மண் கால் வைக்க முடியாதபடி சுட்டாலும், ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே அந்தச் சூடு பெரும்பாலும் எட்டுவதில்லை. தொட்டிக்கு இந்தக் காப்பு கிடையாது. மேலே வெயில், கீழே காய்ந்த தளம். பிற்பகலிலோ மேற்கு வெயில் தொட்டியின் பக்கச்சுவரில் நேராக விழுகிறது. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகளில், வெயில் படும் பக்கத்து மண் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதை அமெரிக்காவின் தென் மாநில நர்சரிகளில் செய்த ஆய்வுகள் அளந்து காட்டியிருக்கின்றன. பல செடிகளின் வேர், 40 டிகிரியை நெருங்கும்போதே வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளும். 50ஐ ஒட்டினால் மடியத் தொடங்கும். தொட்டியில் வளர்ந்த செடியை மண்ணோடு உருவிப் பார்த்தால், தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் சுவரை ஒட்டியே வலைபோல் பின்னியிருப்பது தெரியும். தொட்டியில் அதிகம் சுடும் இடமும் அதுதான். அங்கே வேர் கருகிவிட்டால், நடுவில் எவ்வளவு ஈரம் இருந்தும் இலைக்குப் போய்ச் சேராது.

தண்ணீர் ஊற்றினால் மண் குளிரும்தானே என்று கேட்கலாம். குளிரும், சற்று நேரத்துக்கு. அதுவும் வெயிலில் கிடந்த குழாயிலிருந்தோ மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்தோ வரும் சுடுநீராக இல்லாவிட்டால். ஆனால் வேரும் சுவாசிக்கிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் அதன் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ இரட்டிப்பாகும். தண்ணீரோ சூடாகச் சூடாக ஆக்சிஜனை இழக்கிறது: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரைந்திருக்கும் இடத்தில், 40 டிகிரியில் ஆறரைக்கும் குறைவு. ஏற்கெனவே ஈரமாக இருக்கும் சூடான மண்ணை மேலும் நிரப்பினால் வேருக்கு மூச்சு முட்டும். வேரழுகல் பூஞ்சைகளுக்கு இதைவிடத் தோதான இடம் வேறில்லை. அதனால் முதலில் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் ஊற்ற வேண்டாம். மாலையில் செடி தானே நிமிரும். நிமிராவிட்டால் வேரில் பழுது என்று பொருள்.

செடியை அப்படியே நிழலுக்கு மாற்றிவிடலாமே என்பது அடுத்த யோசனை. மல்லிக்கு அது பாதிப் பலன்தான். நிழலில் கிளை நீளும், மொட்டு குறையும். செடி வெயிலில் நிற்கட்டும், தொட்டி மட்டும் நிழலில் இருக்கட்டும். மேற்குப் பக்கம் ஒரு பழைய பலகையைச் சாய்த்தாலே பெரிய மாற்றம் தெரியும். தொட்டிகளை நெருக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று நிழல். அடியில் இரண்டு செங்கல், மேல்மண்ணில் காய்ந்த சருகோ தேங்காய் நாரோ மூடாக்கு. பிளாஸ்டிக் தொட்டிக்கு வெளியே வெள்ளைச் சாயம் பூசலாம்.

சுட்ட மண்தொட்டி சீக்கிரம் காய்கிறது என்று பலர் ஒதுக்குவது எனக்கு வருத்தம் தரும் விஷயம். காய்வதுதான் அதன் பலம். 100 மில்லி தண்ணீர் அதன் சுவர் வழியே ஆவியாகும்போது சுமார் 2.4 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. வெயில் மேலும் சூடேற்றாதிருந்தால் 10 கிலோ ஈரமண்ணைப் பத்து டிகிரிக்கு மேல் குளிர்விக்க அது போதும். போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் மண்தொட்டியின் வெளிப்புறம் வெள்ளையாய் உப்புப் பூத்திருக்குமே, சுவர் வழியாகத் தண்ணீர் வெளியேறி ஆவியானதற்கு அதுவே சாட்சி. அழகுக்காக எனாமல் பெயின்ட் அடித்தால் அந்தத் துளைகள் அடைபடும். பிறகு அது பிளாஸ்டிக் தொட்டி மாதிரிதான். கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் இந்தக் குளிர்ச்சி குறையும் என்பது உண்மை. அங்கே பலகை நிழலையே கூடுதலாக நம்ப வேண்டும்.

மண் உண்மையிலேயே காய்ந்திருந்தால் நண்பகலிலும் தயங்காமல் ஊற்றலாம். இலையில் நிற்கும் நீர்த்துளி கண்ணாடி வில்லைபோல் வெயிலைக் குவித்துச் சுட்டுவிடும் என்ற அச்சத்தை, ஹங்கேரியின் காபோர் ஹோர்வாத் குழுவினர் 2010இல் சோதித்துப் பார்த்தார்கள். வழுவழுப்பான இலைகளில் அப்படிக் கருகல் ஏற்படவில்லை; மெழுகு ரோமம் துளியைத் தூக்கிப் பிடிக்கும் இலைகளில் மட்டுமே அதற்கு வாய்ப்பு. மல்லி இலை வழுவழுப்பானது. குழாயில் முதலில் வரும் சூட்டுத் தண்ணீரை வாளியில் பிடித்து ஆறவிட்டு, குளிர்ந்த தண்ணீர் வந்த பிறகு அடித்துளையில் கசியும்வரை நிதானமாக ஊற்றுங்கள்.