எனவே – 9: ஆவியா, பனியா, புகையா?

‘எல்லா’ என்று தொடங்கும் கூற்றுகளைப் போன வாரமே முடித்தாயிற்று. இந்த வாரம் ‘சில’ என்று தொடங்குபவை என்று சொல்லியிருந்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமை மணிமேகலையைத் திறந்தவன் இன்னும் மூடவில்லை.

ஒரகடம் கூட்டுரோட்டைச் சுற்றியுள்ள வாடகை அறைகளில், ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பிள்ளைகள் ஷிப்ட் முடிந்து வந்து வங்கித் தேர்வுக்கான ரீசனிங் புத்தகத்தோடு உட்காருகிறார்கள். எல்லாப் பேனாக்களும் மேசைகள். எல்லா மேசைகளும் மேகங்கள். எனவே எல்லாப் பேனாக்களும் மேகங்கள். சரிதான். பேனா எப்படி மேசையாகும் என்று அங்கே கேட்கக் கூடாது. கூற்றை ஏற்றுக்கொண்டு, முடிவு அதிலிருந்து வருகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். தேவையான பயிற்சிதான்.

அதே ஒரகடத்திலிருந்து மேற்கே வாலாஜாபாத், அதைத் தாண்டினால் காஞ்சிபுரம். மணிமேகலைக்கு அறவண அடிகள் தருக்கம் சொல்லிக்கொடுத்த ஊர். காப்பியத்தின் 29-ஆம் காதையில் பெரும்பகுதி அந்தப் பாடம்தான். இதை 1898-இல் பதிப்பித்த உ.வே.சா., பௌத்தக் கருத்துகள் பிடிபடாமல் திணறியபோது கும்பகோணம் கல்லூரியில் உடன் வேலைபார்த்த மளூர் ரங்காசாரியாரிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜரின் ஸ்ரீபாஷ்யத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்களில் அந்த ரங்காசாரியாரும் ஒருவர். இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

பாடத்துக்கு வருகிறேன். மலையில் நெருப்பு இருக்கிறது: இது பக்கம். புகை தெரிவதால்: இது ஏது. அடுக்களை போல: இது திட்டாந்தம். பிறகு இவற்றில் நேரும் பிழைகளை, அதாவது போலிகளை, அடிகள் எண்ணுகிறார். பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. இந்த 33-இல் ஒன்றின் பெயர் சித்தாசித்தம். தூரத்தில் வெண்மையாக ஏதோ எழுகிறது. ஆவியோ பனியோ என்ற ஐயம் தீரவில்லை. தீராமலே அதைப் புகையென்று வைத்துக்கொண்டு, நெருப்பு உண்டு என்று துணிந்துவிடுவது.

புகை உள்ள இடத்தில் நெருப்பு என்ற விதியில் பழுதில்லை. முடிவும் ஒழுங்காகத்தான் வருகிறது. தேர்வுத்தாளில் முழு மதிப்பெண். காஞ்சியில் பிழை!

மார்கழி விடியலில் நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏரிமேல் பனி, கூலிங் டவரில் ஆவி, போகியன்று புகையும் சேர்ந்துவிடும். ஜன்னல் வழியே பார்த்தால் எல்லாம் ஒன்று.

ஒரகடம் அறை ஒன்றில் இதைச் சொன்னதும், இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கும் ஒரு தம்பி பேனாவைக் கீழே வைத்தான்.

“அண்ணா, எங்க லைன்ல சிவப்பு லைட் எரிஞ்சா பார்ட் ரிஜெக்ட். சென்சார் கண்ணாடியில ஆயில் படிஞ்சாலும் அதே லைட்தான் எரியும். நல்ல பார்ட்டையெல்லாம் ரிஜெக்ட் ட்ரேல போட்டிருக்கேன்.”

“அப்புறம்?”

“இப்பல்லாம் முதல்ல கண்ணாடியைத் துடைச்சுடுவேன்.”

‘சில’ அடுத்த வாரம், கட்டாயம்.