கண் காணாத வாடிக்கைக்காரர்

வியாபாரம் என்றால் பொய், வியாபாரி என்றால் வாய்ச்சாலக்காரன் என்று எண்ணும் வழக்கம் நம் படித்த குடும்பங்களில் வெகு காலமாக இருந்து வருகிறது. பிள்ளை பரீட்சையில் தேறினால் உத்தியோகம். தேறாவிட்டால், "ஏதாவது கடை கண்ணி வைத்துப் பிழைக்கட்டும்" என்பார்கள். இந்த அலட்சியத்தினால், நம் கடைத்தெருக்களில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து வந்த ஓர் அரிய கலை, கலையென்றே மதிக்கப்படாமல் போயிற்று.

இன்றோ நிலைமை மாறியிருக்கிறது. அதே படித்த வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் கைப்பேசியை வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்தபடியே புடவையும் பொடி வகையும் அப்பளமும் விற்கிறார்கள். இவர்களுக்குக் கிடைக்கும் யோசனைகளெல்லாம் பெரும்பாலும் விளம்பரத்தையும் தள்ளுபடியையும் பற்றியவை. பழைய கடைத்தெருவின் வித்தை இந்தப் புதிய வியாபாரத்துக்கு உதவுமா? உதவும் என்பதே நம் அபிப்பிராயம். ஆனால் அந்த வித்தையில் எது சாரம், எது சக்கை என்று முதலில் பிரித்தறிய வேண்டும். கைத்தறிப் புடவையை உதாரணமாக வைத்துக்கொண்டு இதைச் சற்று விசாரிப்போம்.

கைத்தறியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 1905-ம் வருஷம் ஆகஸ்டு 7-ந் தேதி கல்கத்தா டவுன் ஹாலில் கூடிய பொதுக் கூட்டத்தில் சுதேசி இயக்கம் பிரகடனம் செய்யப்பட்டது. அந்தத் தினத்தையே 2015 முதல் தேசீயக் கைத்தறி தினமாகக் கொண்டாடி வருகிறோம். முதல் விழா நம் சென்னையிலேயே நடைபெற்றது. 2019-20-ம் வருஷத்துக் கணக்கெடுப்பின்படி, இத்தொழிலில் ஈடுபட்டிருப்போர் தேசம் முழுவதிலும் 35 லட்சத்துக்கு மேல். அவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் ஸ்திரீகள். நெய்யும் திறமையில் இவர்களுக்குக் குறைவில்லை. நெய்ததை உரிய விலைக்கு விற்பதில்தான் இடர்ப்பாடு. தறியிலிருந்து புறப்படும் துணி, உடுத்துபவரிடம் சேருமுன் பல கைகள் மாறுகிறது; ஒவ்வொரு கையும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. அந்தக் கைகளைக் குறைக்கும் வழியாக இணையம் வந்திருக்கிறது. ஆனால் அதே இணையத்தில், விசைத்தறித் துணியும் "கைத்தறி" என்று பெயர் சூட்டிக்கொண்டு பாதி விலைக்கு வந்து நிற்கிறது. தொட்டுப் பார்க்க முடியாத இடத்தில் மெய்யான கைத்தறி தன்னை நிரூபித்துக்கொள்வது எவ்விதம்? நெசவாளர் வீட்டுப் பிள்ளை தறியில் உட்காருவதா, வேறு பிழைப்புத் தேடுவதா என்பது இந்தக் கேள்வியின் விடையைப் பெரிதும் பொறுத்திருக்கிறது.

ஜமக்காளத்தின் மேல்

நல்ல ஜவுளிக் கடையில் அனுபவமுள்ள விற்பனையாளர் செய்வதைக் கூர்ந்து கவனியுங்கள். வந்தவர்களை முதலில் ஜமக்காளத்தில் உட்கார வைக்கிறார். உடனே புடவையை எடுத்துவிடுவதில்லை. "என்ன விசேஷம், அம்மா? உங்களுக்கா, பெண்ணுக்கா? எவ்வளவுக்குள் பார்க்கலாம்?" என்று விசாரிக்கிறார். பதில் கிடைத்த பிறகு ஐந்தாறு புடவைகளை மாத்திரம் விரிக்கிறார். அலமாரியைக் காலி செய்து குவித்தால் வாங்க வந்தவர் மலைத்துப் போவார் என்பது அவருக்குத் தெரியும். வர்ணத்தைப் பற்றிச் சந்தேகம் எழுந்தால், விளக்கடியிலிருந்து வாசல் வெளிச்சத்துக்குப் புடவையை எடுத்துச் சென்று காட்டுகிறார். முந்தானையைப் பிரிக்கிறார், உள்பக்கத்தைத் திருப்புகிறார். காஞ்சீபுரம் பட்டானால், உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து கோத்த கோர்வை இது என்று, சேர்ந்த இடத்தை விரலால் தடவிக் காட்டுகிறார். சில சமயம், "இது தினப்படிக்குத் தாங்காது, அம்மா, விசேஷத்துக்கானால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, கைக்கு வந்த விற்பனையையே விட்டுவிடுகிறார். அந்த அம்மாள் அடுத்த கல்யாணத்துக்கும் அதே கடைக்கு வருவதன் காரணம் அந்த வார்த்தைதான்.

வாய்ச்சாலகம் என்று நாம் நினைப்பது இதில் எங்கே இருக்கிறது? கேட்டறிதல், தேர்ந்து காட்டல், வெளிச்சத்தில் காட்டல், குறையை மறைக்காமல் சொல்லுதல் ஆகிய நான்குமே அவருடைய வித்தை. இந்த நான்கும் இணையக் கடைக்கு அப்படியே பொருந்தும்.

திரையின் முன் அமர்ந்திருப்பவரிடம் கேள்வி கேட்க விற்பவர் பக்கத்தில் இல்லை. ஆதலால் அவர் மனத்தில் எழக்கூடிய கேள்விகளை முன்னதாகவே ஊகித்துப் பதில் எழுதி வைக்க வேண்டும். நீளம் எத்தனை மீட்டர்? ரவிக்கைத் துணி சேர்ந்ததா? எடை எத்தனை கிராம்? நூல் எத்தனையாம் நம்பர்? ஜரிகை வெள்ளி கலந்ததா, போலியா? முதல் சலவையில் சாயம் கசியுமா? "கண்ணைப் பறிக்கும்", "மனத்தை மயக்கும்" என்ற வர்ணனைகள் பத்து வரி இருப்பதைக் காட்டிலும் இத்தகைய விவரங்கள் நான்கு வரி இருப்பது மேல். வாட்ஸ்அப்பில் ஒருவர் சந்தேகம் கேட்டால், விலையை மட்டும் எழுதிவிட்டுப் போகாமல், "என்ன விசேஷத்துக்கு?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஜமக்காளம் விரிப்பது என்பது அதுவே.

படம் பிடிப்பதிலும் பழைய முறையே வழிகாட்டி. வாசல் திண்ணையின் இளங்காலை வெளிச்சமே வர்ணத்துக்கு நல்லது. கைப்பேசியிலுள்ள மெருகேற்றும் தந்திரங்களை உபயோகித்தால் அரக்குச் சிவப்பு குங்குமச் சிவப்பாகிவிடும். பிறகு பார்ஸல் திரும்பி வந்துவிடும். முந்தானை, கரை, உள்பக்கம் மூன்றையும் தனித்தனியே காட்ட வேண்டும். கைத்தறியில் சிறு நூல் முடிச்சும், சற்றே மாறுபடும் நெருக்கமும் இருப்பது இயல்பு. அதையும் படமெடுத்துப் போட்டு, கையால் நெய்ததன் அடையாளம் இது என்று எழுதிவிட்டால், அது பின்னர் "குறைபாடு" என்ற புகாராகத் திரும்பி வராது.

தபால் காலத்துப் பாடம்

வாடிக்கைக்காரரின் முகத்தைப் பாராமலே விற்பது நம் தேசத்துக்குப் புதிதன்று. 1877-ம் வருஷத்திலேயே இந்தியத் தபால் இலாகா வி.பி.பி. முறையை ஆரம்பித்தது. சாமானைத் தபால்காரர் கொண்டு வருவார். பணத்தை அவரிடம் கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம். இன்று "கேஷ் ஆன் டெலிவரி" என்கிறோமே, அதற்குப் பாட்டனார் இந்த வி.பி.பி.தான். கடையே இல்லாத கிராமத்துக்கும் அம்முறையில் புஸ்தகமும் மருந்தும் போய்ச் சேர்ந்தன. விலைப்பட்டியலில் எழுதிய சாமானும் பார்ஸலில் வந்த சாமானும் ஒன்றாக இருந்தால்தான் அந்த வீட்டிலிருந்து இரண்டாவது ஆர்டர் வரும்.

தேசோத்தாரகர் காசிநாதுனி நாகேசுவர ராவ் 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சனம் தயாரிக்கத் தொடங்கினார். சங்கீதக் கச்சேரிகளுக்கு வந்தவர்களுக்கு அதை இலவசமாகக் கொடுத்து அதன் குணத்தை அறியச் செய்தார். பயனை முதலில் காட்டி, விலையைப் பின்னால் கேட்ட இந்த முறையை நெசவாளரும் கையாளலாம். தறியில் மிஞ்சும் துண்டுகளைச் சிறு சதுரமாகக் கத்தரித்து, அட்டையில் ஒட்டித் தபாலில் அனுப்ப அதிகச் செலவாகாது. தொட்டுப் பார்க்க முடியவில்லை என்ற குறை இதனால் பெருமளவு தீரும். காய்கறிக்காரி கடைசியில் கூடையில் போடும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையையும் மறக்க வேண்டாம். நெய்தவர் பெயர், ஊர், நெய்ய ஆன நாட்கள், துவைக்கும் முறை ஆகியவற்றை எழுதிய சிறு சீட்டு ஒன்றைப் பார்ஸலில் வைத்தால், அதுவே நல்ல கொசுறு.

விலைச் சண்டை

இனி, எச்சரிக்கையாக ஒரு சரித்திரம். வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்து, 25 ரூபாய்ப் பங்குகளாகப் பணம் திரட்டினார். கொழும்புக்குக் கப்பல் விட்டதும், பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகத் தாழ்த்தியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக இறக்கியது. உடனே எதிரிகள் பிரயாணத்தையே இலவசமாக்கி, குடையும் தருவதாக ஆசை காட்டினார்கள். 1908-ல் பிள்ளையவர்கள் சிறை சென்றார். 1911-ல் கம்பெனியும் மூடப்பட்டது. அந்த வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. எனினும், நஷ்டத்தைத் தாங்கக்கூடிய பெரிய பணப்பைக்காரனோடு சிறியவன் விலையில் போட்டியிடுவது எத்தனை ஆபத்து என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் உதாரணம் நம் நாட்டில் இல்லை.

பள்ளிக்கூடத்துக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். ஒரு புடவையின் அடக்க விலை 1,500 ரூபாய். விற்கும் விலை 2,000 என்று வைத்துக்கொள்வோம். இணையச் சந்தையின் கமிஷன் நூற்றுக்கு 15 வீதம் 300 ரூபாய். கூரியருக்கும் பெட்டிக்குமாக 120. மிஞ்சுவது 80. "விழாக்கால விற்பனை" என்று நூற்றுக்குப் பத்துத் தள்ளுபடி கொடுத்தால் விலை 1,800; கமிஷன் 270; கூரியரும் பெட்டியும் அதே 120. கைக்கு வருவது 1,410. அதாவது, புடவைக்கு 90 ரூபாய் நஷ்டம்! திரும்பி வரும் பார்ஸல்களின் செலவை இன்னும் சேர்க்கவில்லை. இந்தக் கணக்கைப் போடாமல் சந்தையில் இறங்குகிறவர், விற்பனை பெருகப் பெருகக் கடனாளியாவார்.

விலையை உயர்த்திப் போட்டு அடித்துக் காட்டுவதும், "இன்னும் இரண்டே பாக்கி, பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும்" என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் சந்தை மூலிகை வைத்தியனின் தந்திரங்கள். நாம் முன்னே சக்கை என்றது இவற்றைத்தான். 2023-ல் மத்திய அரசாங்கம் வெளியிட்ட விதிமுறைகள், இத்தகைய 13 தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடுத்திருக்கின்றன. பொய் அவசரம் அவற்றுள் ஒன்று.

ஊர்ப் பேச்சு

பழைய வியாபாரியைக் கட்டுப்படுத்தியது ஊர்ப் பேச்சு. அளவில் அரை விரற்கடை குறைந்தாலும் மறுநாள் கிணற்றடியில் அது தெரிந்துவிடும். இன்று கிணற்றடியின் ஸ்தானத்தில் வாடிக்கைக்காரர் எழுதும் மதிப்புரைகள் இருக்கின்றன. ஆனால் கிணற்றடியில் பேசியவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். இங்கே கூலிக்கு எழுதுபவரும் புகுந்துவிட முடிகிறது. விற்பவரே வாடிக்கைக்காரர் வேஷம் போட்டு எழுதுவதை 2020-ம் வருஷத்து மின்வணிக விதிகள் தடை செய்கின்றன. விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத சாமானைத் திரும்ப ஏற்க மறுக்கக் கூடாது என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. 2022-ல் இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனம் மதிப்புரைகளுக்கென்றே ஒரு தரம் வகுத்தது. சட்டம் இன்று எழுதி வைத்திருப்பதை நல்ல கடைக்காரர் என்றுமே செய்து வந்தார். மடிப்புக் கலையாத புடவையை மாற்றிக் கொடுக்கும்போது அவர் முகம் கோணவில்லை.

இணையத்தில் முகம் தெரியாது. ஆனால் பதில் எழுதும் தோரணை தெரியும். கோபமாக எழுதிய வாடிக்கைக்காரருக்கு விற்பவர் நிதானமாக எழுதும் பதிலை, இன்னும் வாங்காத நூறு பேர் படிக்கிறார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

வாங்குவோர் கடமை

வாங்கும் குடும்பங்களுக்கும் இதில் பொறுப்புண்டு. மூன்று புடவைகளை வரவழைத்து, விருப்பமானதை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்பி அனுப்புவது நமக்கு விளையாட்டாக இருக்கலாம். போக வர ஆகும் செலவு பல சமயம் நெய்தவர் தலையில் விழுகிறது. "கைத்தறி" என்ற சொல்லை மாத்திரம் நம்பாமல், 2006 முதல் வழங்கி வரும் கைத்தறி முத்திரை உண்டா என்று பாருங்கள். இல்லாவிடில் நெய்த ஊரையும் நெய்தவரையும் கேளுங்கள். மெய்யாகவே நெய்தவர் இதற்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார். வாங்கிய புடவை சொன்னபடி இருந்ததா என்று, நல்லதையும் குறையையும் சேர்த்து நான்கு வரி எழுதிப் போடுங்கள்; சிறிய வியாபாரிக்கு விளம்பரம் அதுவே. விடுமுறையில் வீட்டுக்கு வந்திருக்கும் கல்லூரிப் பிள்ளையை, பக்கத்து நெசவாளர் தெருவுக்கு அனுப்பி வையுங்கள். நான்கு புடவைகளுக்கு நல்ல படம் பிடித்து, நீளமும் எடையும் நூலும் பிழையில்லாமல் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிக் கொடுத்துவிட்டு வரட்டும். அங்கே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம், புடவையை எப்படி விரித்துக் காட்டுவது என்பதையும் அவன் கற்றுக்கொண்டு வருவான்.